வெப்பம் வரும் திசை

காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டவர் தமிழர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. கொண்டல் என்னுஞ் சொல் மழைமேகத்தையும் குறிக்கும்; கோடை என்பது வேனிற் காலத்திற்கும் பெயராகும். கிழக்கே கடலும் மேற்கே மலையும் உடைய நாட்டில், அனுபவத்தினின்று பிறந்த பெயர்கள் இவை. மும்பைக்குக் குடிபெயர்ந்த நாம் இப்பெயர்களையும் உடன் கொணர்ந்துவிட்டோம். இங்கோ கடல் மேற்கில் இருக்கிறது. மலை கிழக்கில் நிற்கிறது. ஆதலின் இந்நகரில் உடலைக் குளிர்விப்பது மேல்காற்று, சுடுவது கீழ்காற்று.

இதை மனத்திற் கொண்டாலன்றி, வானிலைத் துறையினர் வெளியிடும் முன்னறிவிப்பு நமக்கு முழுப் பயன் தாராது. அடுத்து வரும் இரு வாரங்களுக்கான நோக்கினை அத்துறை வியாழன்தோறும் வெளியிடுகிறது. இராஜஸ்தானத்துத் தார்ப் பாலைவனத்திலும் குஜராத்திலும் வெப்பம் மிகும் என்று அதில் கேட்கும்போது, அது ஒட்டகம் ஓட்டுவோர் கவலை, கடற்கரைவாசிகளுக்கு என்ன என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். பங்குனியிலும் சித்திரையிலும் அங்ஙனம் இருத்தல் தகாது.

பாலைவனத்து வெப்பம் மும்பைக்கு வரும் வழி இது. சாதாரண நாளில் வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, அதன் மேலுள்ள காற்று இலேசாகி எழுகிறது. அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உட்புகுகிறது. நண்பகலுக்கு முன்னரே அது வந்துவிட்டால் வெப்பம் அதற்குமேல் ஏறுவதில்லை. ஆனால் குஜராத்தை ஒட்டி எதிர்ச்சூறாவளி எனப்படும் காற்றழுத்த மிகுதி நிலைகொள்ளும் நாட்களில், வறண்ட நிலக்காற்று வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் நகர்மீது வீசுகிறது. அது கடற்காற்றை எதிர்த்து நிற்பதால், பதினொரு மணிக்கு வரவேண்டிய கடற்காற்று இரண்டு மணி வரை கரையேற இயலாமல் தயங்குகிறது. போதாதற்குத் தக்காணப் பீடபூமியிலிருந்து சஹ்யாத்திரி மலையைத் தாண்டி இறங்கும் காற்று, இறங்கும்போதே மேலும் சூடேறுகிறது. வறண்ட காற்று ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 டிகிரி வெப்பம் கூடும். புனாவின் உயரத்திலிருந்து கடல்மட்டத்திற்கு வருவதற்குள் 5 டிகிரிக்கு மேல் கூடிவிடும் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம்.

சென்னைவாசிகளாயிருந்தோருக்கு இது புதிதன்று. அங்கே வைகாசியில் மேல்காற்று வலுத்துக் கடற்காற்றைத் தடுக்கும் நாட்களே கொடியவை. திசைதான் மாறியிருக்கிறது, மாதமும் மாறியிருக்கிறது. கத்திரி வரட்டும், பார்த்துக் கொள்வோம் என்று காத்திருப்பவரை மும்பை ஏமாற்றிவிடும். சாந்தாகுரூஸ் நிலையத்தில் 1956 மார்ச் 28ஆம் நாள், நல்ல பங்குனியில், 41.7 டிகிரி பதிவாயிற்று. அந்நிலையத்தின் உச்ச அளவாகிய 42.2 டிகிரியோ 1952 ஏப்ரல் 14ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டையொட்டி ஏற்பட்டது. நீர் சூழ்ந்த கொலாபாவில்கூட 1955 ஏப்ரல் 19ஆம் நாள் 40.6 டிகிரி வரை ஏறியது.

வெப்ப அலை என்று அறிவிப்பதற்கும் இடத்திற்கு இடம் அளவுகோல் வேறு. சமவெளியில் உச்ச வெப்பம் 40 டிகிரியையேனும் எட்டவேண்டும். கடற்கரை நிலையங்களுக்கு 37 டிகிரி போதும். இரண்டிடத்தும் அது வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது மிகுந்திருத்தல் வேண்டும். இராஜஸ்தானத்துப் பலோடியில் 2016 மே 19ஆம் நாள் 51 டிகிரி பதிவானது என்று கேட்ட காதுக்கு, மும்பையின் 38 அற்பமாகத் தோன்றும். அற்பமன்று. ஈரம் மிகுந்த காற்றில் வியர்வை உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. நவி மும்பையைச் சேர்ந்த கார்கரில் 2023 ஏப்ரல் 16ஆம் நாள், திறந்தவெளியில் நடந்த அரசு விழாவொன்றில் வெயிலில் அமர்ந்திருந்தோருள் 14 பேர் உயிரிழந்தனர்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அறிவிக்கப்படும் எண், வெண்சாயம் பூசிய மரப்பெட்டிக்குள், காற்றோட்டத்தில், தரையிலிருந்து சுமார் நான்கடி உயரத்தில் நிழலில் தொங்கும் வெப்பமானியின் எண். தாராவியில் தகரக் கூரையின்கீழ், மாடிமேல் மாடியாக எழுப்பிய அறையில், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர் அனுபவிக்கும் வெப்பம் அதுவன்று. விடியுமுன் அடுப்பு மூட்டி இட்லி அவித்து, கூடை சுமந்து விற்றுவிட்டு நண்பகலில் அறை திரும்புவோர் இதை நன்கறிவர். வானொலி 38 என்றால், நம் கூரைக்கு ஏற்ப அதற்குமேல் கூட்டிக்கொள்வதே விவேகம்.

ஆகவே அறிவிப்பைக் கேட்கையில் எண்ணைவிடக் காற்றின் திசையை முதலிற் கவனிப்போம். கீழ்காற்று என்றால் வறட்சி. வியர்வை தோன்றுமுன்னே உலர்ந்துவிடுவதால் உடல் நீரிழப்பது தெரியாது. தாகம் எடுக்குமுன்பே நீரோ, உப்பிட்ட மோரோ, நீராகாரமோ அருந்தவேண்டிய நாட்கள் அவை. அந்நாட்களில் ஈரத்துணி போர்த்து விசிறியின்கீழ் அமர்ந்தால் நல்ல பலன் உண்டு. சன்னலில் நனைத்த சாக்குத் தொங்கவிடுவதும் உதவும். மே மாதத்துப் புழுக்கத்தில் அதே ஈரச்சாக்கு அறையின் ஈரத்தை மிகுவித்துத் தொல்லையே தரும். கூரைக்கு வெண்சுண்ணம் பூசுவதோ இரு பருவத்திற்கும் ஏற்றது. வெயிலில் ஒருவர் உளறத் தொடங்கினாலோ நினைவு தடுமாறினாலோ, வாயில் நீர் புகட்ட முயலாமல், நிழலில் கிடத்தி உடலெங்கும் நீரூற்றி, 108 என்ற எண்ணிற்குத் தெரிவிக்க வேண்டும். தாராவிக்கும் மாதுங்காவுக்கும் சயான் மருத்துவமனை அருகிலேயே உள்ளது.

கடற்காற்று இறுதியில் வரத்தான் செய்யும். மாஹிம் கரையில் அது முதலில் தொடும். தாராவிக்குப் பின்னர் வரும். கிழக்கே தள்ளியுள்ள செம்பூருக்கு இன்னும் தாமதித்துச் சேரும். சுமை தூக்குவோரும் கட்டட வேலை செய்வோரும் பிற்பகல் வேலையை அதற்கேற்பத் தள்ளிவைக்க மேஸ்திரியிடம் கேட்பதில் தவறொன்றுமில்லை. அறிவிப்பில் குறைந்த அளவு வெப்பம் என்று ஓர் எண்ணும் வாசிப்பார்களே, அதையும் விட்டுவிடலாகாது. வறண்ட கீழ்காற்று நாட்களில் இரவு பெரும்பாலும் குளிர்ந்துவிடும்; வாசலில் பாய் விரித்தால் உறக்கம் வரும். மே மாதத்தில் அந்த எண் 27, 28 என்று நின்றுவிடும்போது தகரக் கூரை விடியும்வரை ஆறுவதில்லை. வீட்டில் முதியோரும் கைக்குழந்தையும் இருப்பின், இரண்டு மூன்று இரவுகளுக்கேனும் காற்றோட்டமுள்ள உறவினர் வீட்டில் அவர்களைத் தங்கச் செய்ய வழியுண்டா என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பது நலம்.