தசை விறைப்பு நோய்

மும்பை மருத்துவர்கள் ரண ஜன்னியை நன்கறிந்தவர்கள். பரேல் கே.இ.எம். மருத்துவமனையைச் சார்ந்த ஜே. சி. பட்டேலும் பி. சி. மேத்தாவும் 8,697 ஜன்னி நோயாளிகளைப் பற்றிய ஆய்வினை 1999-இல் வெளியிட்டனர். தடுப்பூசியின் பயனாய் அந்நோய் இன்று அருகிவிட்டது. எனினும், காயமோ கிருமியோ இன்றி அதே சாயலில் வரும் அரிய நோயொன்று உண்டு. இதனை 1956-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சார்ந்த மோர்ஷ், வோல்ட்மன் என்போர் 14 நோயாளிகளைக் கொண்டு முதன்முதலாக விவரித்தனர். பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கே இது காணும்.

ஒரு தசை சுருங்கும்போது அதற்கு எதிரான தசை தளர்தல் வேண்டும். இவ்வாறு தளர்த்தும் தடைச் செய்தியைக் 'காபா' என்னும் பொருள் நரம்புகளிடையே எடுத்துச் செல்கின்றது. ரண ஜன்னியின் நஞ்சு, இத்தகைய தடைப் பொருள்கள் நரம்பு முனையினின்று வெளிப்படாதவாறு தடுத்துவிடும். விறைப்பு நோயிலோ, காபாவை ஆக்கும் நொதிக்கு எதிராக உடலே எதிர்ப்பொருளைத் தோற்றுவிக்கின்றது. 1988-இல் இது கண்டறியப்பட்டது. நொதி உயிரணுவினுள் மறைந்திருப்பதாகலின், எதிர்ப்பொருளே நோயை நேராக விளைவிக்கின்றதா என்பதில் அறிஞரிடையே இன்னும் ஒருமித்த கருத்தில்லை.

ஜன்னி சில நாட்களில் முற்றும். தாடை முதலில் இறுகும். இந்நோயோ மாதக்கணக்கில் வளரும். முதுகும் வயிறும் பலகைபோல் இறுகும். திடீர் ஓசை, தொடுகை, மனக்கலக்கம் ஆகியன இசிவை எழுப்பும். தாராவியின் 90 அடிச் சாலையைக் கடக்கும் ஒருவர் வண்டியின் ஊதொலி கேட்டு மரம் சாய்வதுபோல் விழக்கூடும். உறக்கத்தில் விறைப்பு தளர்வதாலும், அச்சத்தால் மிகுவதாலும், இது மனநோயென்றும் பாசாங்கென்றும் கருதப்படுகின்றது. நோயாளிக்கு நேரும் பெருந்தீங்கு இதுவே எனலாம்.

1963-இல் டயசிபாம் பயனளிப்பதை ஹோவர்டு காட்டினார். இன்றும் அதுவும் பேக்லோஃபெனுமே முதல் மருந்துகள். இவற்றுக்கு அடங்காதபோது, பல்லாயிரவர் அளித்த குருதி நீரினின்று பிரித்த இம்யூனோகுளோபுலின் சிரையில் செலுத்தப்படும். இதன் பயன் 16 நோயாளிகளிடம் நடந்த சோதனையால் 2001-இல் உறுதியாயிற்று. அச்சோதனையின் அளவுப்படி, 50 கிலோ எடையுள்ளவருக்கு மாதம் 100 கிராம் தேவை. எளிய குடும்பம் தாங்கும் செலவன்று. ரிட்டுக்சிமாப் என்னும் மருந்து எதிர்பார்த்த பலனைச் சோதனையில் தரவில்லை.

களப்பணியாளர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். மாத்திரை தீர்ந்துபோய் டயசிபாமோ பேக்லோஃபெனோ திடீரென நின்றால், வலிப்பும் கடும் இசிவும் நேர்ந்து உயிருக்கே கேடு வரலாம். ஆகவே, இருப்புக் குறையும் முன்பே நோயாளியை மருத்துவமனையின் நரம்பியல் பிரிவிற்கு அனுப்புக. தாராவி, மாதுங்கா வட்டாரத்தினர்க்குச் சயான் லோகமான்ய திலக் மருத்துவமனை அண்மையிலுள்ளது. காயத்தின் பின் ஓரிரு வாரங்களில் தாடை இறுகினால், அதனை ஜன்னியெனவே கொண்டு அப்பொழுதே அனுப்புக.