வியாழக்கிழமை ஒன்பதரை மணி

தங்கம் வாங்க நல்ல நேரம் என்றதும் எல்லோருக்கும் அட்சய திருதியைதான் ஞாபகம் வருகிறது. டீயைக் குடித்துக்கொண்டே சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். நம் மரபில் அந்த நேரம் வாரந்தோறும் வருகிறது.

ராகுகாலம், எமகண்டத்தோடு சேர்த்துக் குளிகையையும் கெட்ட நேரம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கை. அதனால் அப்போது சவம் எடுக்க மாட்டார்கள், கடன் வாங்க மாட்டார்கள், நகையை அடகு வைக்க மாட்டார்கள். அடகு நகையை மீட்கலாம். புதிதாகப் பொன் வாங்கலாம். பெருக வேண்டியதற்கான நேரம் அது.

அடுத்தது ஓரை. பொன்னுக்கு உகந்தவை குரு ஓரையும் சுக்கிர ஓரையும். குருவின் நாளான வியாழனில் முதல் குரு ஓரை காலை 6 முதல் 7 வரை. ஆனால் அது எமகண்டத்தில் விழுகிறது. மதியம் 1 மணிக்கு வரும் குரு ஓரையில் பாதியை ராகுகாலம் எடுத்துக்கொள்கிறது. 9 முதல் 10 வரை சுக்கிர ஓரை. 9 முதல் 10.30 வரை குளிகை. இரண்டும் சேர்ந்த அந்த நேரத்தைத்தான் நான் சிபாரிசு செய்வேன். காலண்டர் கணக்கு சூரியன் 6 மணிக்கு உதிப்பதாக வைத்துப் போட்டது. தை மாதத்தில் சென்னையில் உதயமே ஆறரையை ஒட்டித்தான். ஆகவே ஒன்பதரை தாண்டிப் பணம் கட்டினால் எந்தக் கணக்கிலும் உள்ளே இருப்பீர்கள். வெள்ளிக்கிழமைதான் வேண்டும் என்பவர்களுக்கு மதியம் 1 முதல் 2 வரை சுக்கிர ஓரை இருக்கிறது.

அட்சய திருதியையைக் குறைத்துச் சொல்லவில்லை. சித்திரை அமாவாசைக்குப் பின் வரும் மூன்றாம் பிறை நாள் அது. கும்பகோணத்தில் பன்னிரண்டு பெருமாள்கள் கருட சேவை தரும் நாள். தண்ணீர்ப் பானை, விசிறி, தயிர்சாதம் என்று தானம் கொடுக்கவே பெரியவர்கள் அதைச் சொல்லிவைத்தார்கள். திதிக்கும் கடிகார நாளுக்கும் சம்பந்தமில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 2025-இல் திருதியை ஏப்ரல் 29 மாலையே தொடங்கி, 30 பிற்பகலில் முடிந்துவிட்டது. அன்று இரவுவரை கடைகளில் கூட்டம்! அந்த நெரிசலில் சேதாரம் எத்தனை சதவீதம், கல்லின் எடையைக் கழித்தார்களா என்று யார் நின்று கேட்பது?

ஆகவே நகையை முதல் நாளே நிதானமாகப் பார்த்து எடுத்துவைக்கச் சொல்லுங்கள். 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு ஹால்மார்க் நகையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு கட்டாயம். லென்ஸ் வாங்கிப் பார்த்து, அதை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபாருங்கள். மறுநாள் நல்ல நேரத்தில் பணத்தைக் கட்டி நகையை வாங்கிக்கொண்டால் போதும்.

தாலிக்குப் பொன் வாங்குவதானால் மட்டும் குளிகை வேண்டாம். கல்யாணத்தையே நாம் குளிகையில் வைப்பதில்லை. அதற்கு வளர்பிறை முகூர்த்த நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.