கருகும் மோட்டாருக்கு முன்பே பேசும் மீட்டர்

செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போட்டவர்களுக்கும் ஜெயங்கொண்டம் பக்கம் போர்வெல்லை நம்பிப் பயிர் வைத்தவர்களுக்கும் மோட்டார் கருகுவது பழகிப்போன துயரம். மோட்டாரை மேலே தூக்கக் கூலி, காயில் கட்டக் கூலி, அதற்குள் பயிர் வாடிவிடுகிறது. ஆனால் லோ வோல்டேஜில் ஓடும் மோட்டார் கருகுவதற்கு முன்பே அடையாளம் காட்டும்: வோல்ட் இறங்கும், ஆம்பியர் ஏறும். ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் டிஜிட்டல் மீட்டர் அதைத்தான் சொல்கிறது.

மீட்டர் என்றாலே சிலர் தயங்குகிறார்கள். 1990 முதல் விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கிடைக்கும் மாநிலத்தில் அந்தத் தயக்கம் இயல்பானது. நான் சொல்வது மின்வாரியம் வைக்கும் மீட்டர் அல்ல. இது உங்கள் சொந்தப் பொருள். இதை வைத்து யாரும் பில் போடுவதில்லை.

தவறாக இணைத்த மீட்டர் பொய் சொல்லும், சில நேரம் உயிரையும் வாங்கும். வோல்ட் மீட்டரின் வயர்கள் இரண்டு பேஸ்களுக்குக் குறுக்கே, சிறிய பியூஸ் வழியாக வர வேண்டும். ஆம்பியர் மீட்டரை அப்படிக் குறுக்கே கொடுத்தால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். அது மின்னோட்டப் பாதையில் தொடராகவோ சி.டி. (கரண்ட் டிரான்ஸ்பார்மர்) காயில் வழியாகவோ இணைய வேண்டும். ஒரு சி.டி.க்குள் ஒரே ஒரு பேஸ் வயர்தான் நுழைய வேண்டும். மூன்றையும் சேர்த்து நுழைத்தால் ஒன்றையொன்று சமன்செய்து பூஜ்ஜியத்தை ஒட்டியே காட்டும். சி.டி.யில் 50/5 என்றிருந்தால் மீட்டரிலும் அதே விகிதத்தை வைக்க வேண்டும். மோட்டார் ஓடும்போது சி.டி. வயரை மட்டும் கழற்றவே கூடாது. திறந்த முனையில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் எழும். சோலார், பேட்டரிக்கென விற்கும் டி.சி. மீட்டரை மும்முனை லைனில் மாட்டாதீர்கள். உரிமம் பெற்ற வயர்மேன் மெயினை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது.

மூன்று பேஸுக்கும் ஆம்பியர் தெரியும்படி வைப்பது நல்லது. ஒரு பேஸ் போய்விட்டால் ஒன்று பூஜ்ஜியமாகி மற்ற இரண்டும் ஏறும். போரில் தண்ணீர் வற்றினால் ஆம்பியர் வழக்கத்தைவிட இறங்கும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது மோட்டாரின் பெயர்ப்பலகையில் இருக்கிறது.

வோல்ட்டை மோட்டார் ஓடும்போதே பாருங்கள். நிறுத்தியிருக்கையில் 410 காட்டிவிட்டு ஓடும்போது 350க்கு இறங்கினால், பக்கத்துத் தோட்டத்திலும் கேளுங்கள். அங்கும் அதே கதை என்றால் கோளாறு டிரான்ஸ்பார்மர் பக்கமோ லைனிலோ இருக்கலாம். உங்களுக்கு மட்டும் என்றால் முதலில் உங்கள் கேபிளையும் இணைப்புகளையும் சோதியுங்கள்.

தேதி, நேரம், வோல்ட், ஆம்பியர் நான்கையும் நோட்டில் எழுதி, மீட்டரைப் படமும் எடுத்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987 எண்ணிலும் புகாரைப் பதியலாம். 2003 மின்சாரச் சட்டத்தின் 57ஆம் பிரிவு சேவைத் தரத்தையும் அதைக் காக்கத் தவறினால் இழப்பீட்டையும் பேசுகிறது. இலவச இணைப்பு வைத்திருப்பவரும் நுகர்வோர்தான். அலுவலகம் அசையாவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும், அங்கும் தீராவிட்டால் சென்னையில் உள்ள மின்சாரக் குறைதீர்ப்பாளருக்கும் போகலாம்.

மீட்டரே பழுதாக இருந்தால் அது கடைக்காரரோடு தீர்க்க வேண்டிய வழக்கு. பில்லும் உத்தரவாத அட்டையும் கையில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். அதனால் வாங்கும்போதே பில் கேளுங்கள்.