கரும்பின் உறவைக் காட்டும் டி.என்.ஏ. குறிகள்

கரும்பில் ரகங்கள் பல. ஆனால் பெயரும் எண்ணும் வேறாக இருப்பதாலேயே இரு ரகங்களும் வேறு வேறு வம்சம் என்று கருதிவிட முடியாது.

கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அங்கு பார்பர், டி.எஸ். வெங்கட்ராமன் ஆகியோர் 'வெள்ளை' என்னும் கரும்பை, தானாக வளரும் நாணலுடன் இனக்கலப்பு செய்து கோ 205 ரகத்தை உருவாக்கினர். இது 1918ஆம் ஆண்டு வட இந்தியாவில் சாகுபடிக்கு வந்தது. கரும்பு சர்க்கரையையும், நாணல் வறட்சியையும் நோயையும் தாங்கும் வலிமையையும் தந்தன. ஆனால் இக்கலப்பில் பயன்பட்ட நாணல் வகைகள் மிகச் சிலவே. பின்னர் வந்த ரகங்கள் பலவும் அந்தச் சில பெற்றோரின் வழிவந்தவை. நெருங்கிய உறவுள்ள ரகங்கள் ஒரே நோய்க்கு இலக்காகும் ஆபத்து உண்டு.

இந்த உறவை எப்படி அறிவது? தண்டின் நிறம், கணுவிடையின் நீளம் முதலியவை நீருக்கும் உரத்துக்கும் ஏற்ப மாறும். டி.என்.ஏ. மாறுவதில்லை. இளம் இலையை அரைத்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கின்றனர். அதில் ஒரே சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. எத்தனை முறை திரும்புகிறது என்பது ரகத்துக்கு ரகம் வேறுபடும். அவ்விடங்களைப் பி.சி.ஆர். முறையில் பெருக்கி, கூழ்த் தட்டில் வைத்து மின்சாரம் செலுத்தினால், சிறிய துண்டுகள் அதிக தூரமும் பெரியவை குறைந்த தூரமும் நகர்ந்து பட்டைகளாக நிற்கும். பொதுவான பட்டைகள் அதிகமானால் உறவு நெருக்கம். குறைந்தால் உறவு தூரம்.

இதனால் தூரத்து உறவுள்ள பெற்றோரைத் தேர்ந்தெடுத்துக் கலக்கலாம். முளைத்த நாற்று உண்மையான கலப்புதானா, தன் மகரந்தச் சேர்க்கையால் வந்ததா என்பதையும் இளம் பருவத்திலேயே அறியலாம். எனினும் விளைச்சலையும் சர்க்கரைச் சத்தையும் வயல் ஆய்வே முடிவு செய்யும்.

2009ஆம் ஆண்டு வெளியான கோ 0238 ரகம் உத்தரப்பிரதேசத்தின் பெரும்பகுதிக் கரும்புப் பரப்பில் பரவியது. பின்னர் அதில் செவ்வழுகல் நோய் கடுமையாகத் தாக்கியது. ஆகவே விவசாயிகள் நிலம் முழுவதும் ஒரே ரகத்தை நடாமல், பெற்றோர் வேறான இரண்டு மூன்று ரகங்களை நோயற்ற கரணைகளைக் கொண்டு நடுவது நல்லது. ரகத்தின் பெயரோடு அதன் பெற்றோரையும் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.