200 கேபிக்குள்ள ஒரு சான்றிதழ்: எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

இந்த வாரம் பேசப்போறது ரொம்பச் சின்ன விஷயம். ஆதார், பான் கார்டு, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் இதையெல்லாம் ஸ்கேன் பண்ணி, வெப்சைட் கேக்கற அளவுக்குள்ள சுருக்கி அப்லோட் பண்றது. "இதுக்கெல்லாம் ஒரு எபிசோடா?"ன்னு தோணலாம். எனக்கும் ஒரு காலத்துல அப்படித்தான் தோணுச்சு. அந்த நினைப்பு எப்படிப் போச்சுன்னு முதல்ல சொல்லிடறேன்.

என் தங்கச்சி எம்எஸ்சி சேர்ந்த வருஷம், ஒரு கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிச்சா. கடைசி நாள். ராத்திரி பத்தரை மணி. சாதிச் சான்றிதழ் 200 கேபிக்குள்ள பிடிஎஃப்பா வேணும். "அண்ணா, நீயே பண்ணிக் குடு"ன்னு லேமினேட் பண்ணின சான்றிதழை நீட்டினா. ட்யூப் லைட்டுக்குக் கீழே வெச்சு, ஃப்ளாஷ் போட்டு போனில் ஒரு படம் எடுத்தேன். 4 எம்பிக்கு மேல இருந்தது. கூகுள்ல முதல்ல வந்த ஏதோ ஒரு இலவச சைட்ல போட்டு 190 கேபி ஆக்கினேன். சின்னதா தெரிஞ்ச படத்தைப் பார்த்து "சூப்பர்"னு சொல்லி அப்லோட் பண்ணிட்டேன். மொத்தமே அஞ்சு நிமிஷம்.

ரெண்டு மாசம் கழிச்சு பதில் வந்துச்சு: "ஆவணம் தெளிவாக இல்லை. நிராகரிக்கப்பட்டது." நான் அனுப்பின ஃபைலை அப்போதான் பெருசாக்கிப் பார்த்தேன். சான்றிதழ் எண் இருக்கவேண்டிய இடத்துல சாம்பல் கலர்ல ஒரு தேய்ப்பு. மேலே ஃப்ளாஷ் வெளிச்சம் ஒரு வெள்ளை வட்டமா விழுந்திருக்கு. அந்த வருஷ ஃபீஸுக்கு அம்மாவோட வளையல் அடகுக் கடைக்குப் போச்சு. வீட்ல யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லல. ஆனா நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன், இமேஜ் ப்ராசஸிங் ஒரு பேப்பரா எழுதிப் பாஸ் பண்ணினவன் பண்ணின தப்பு அது. அதான் இந்த எபிசோட்.

ஃபைல் ஏன் இவ்ளோ பெருசா இருக்கு?

ஒரு படம்னா கம்ப்யூட்டருக்கு அது புள்ளிகள், அதாவது பிக்ஸல். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு எண். மூணு எண்ணுன்னா மூணு பைட்.

ஒரு ஏ4 தாளை 300 டிபிஐல ஸ்கேன் பண்ணினா 2480 × 3508 புள்ளி. டிபிஐன்னா ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளிங்கற கணக்கு. மொத்தம் 87 லட்சம் புள்ளி. மூணால பெருக்கினா சுமார் 26 எம்பி. இது சுருக்காத அளவு. அதே தாளை 150 டிபிஐல எடுத்தா 1240 × 1754. டிபிஐ பாதியானா புள்ளிகள் கால்வாசி ஆகிடும், ஏன்னா நீளமும் பாதி, அகலமும் பாதி.

இந்த 26 எம்பியைச் சுருக்கற வேலையைத்தான் 1992ல வந்த ஜேபெக் முறை செய்யுது. அது படத்தை 8 × 8 கட்டங்களா வெட்டும். ஒவ்வொரு கட்டத்துலயும் மெதுவா மாறுற நிழலைத் தனியா, சட்டுனு மாறுற ஓரங்களைத் தனியாப் பிரிச்சு வைக்கும். இடம் பத்தலைன்னா முதல்ல கை வைக்கறது ஓரங்கள்ல. முகம், வானம், சுவர் இதுலெல்லாம் அது போனா நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஆனா ஒரு எழுத்துன்னா என்ன? வெள்ளைத் தாள்ல சட்டுனு வர்ற கறுப்பு ஓரம்தானே. ஜேபெக் முதல்ல தூக்கிப் போடறதும், சான்றிதழுக்கு ரொம்ப முக்கியமானதும் ஒண்ணேதான்.

பந்திக் கணக்கு

நான் பண்ணின தப்பு எங்கேன்னு இப்போ கணக்குப் போட்டுப் பார்ப்போம். போன் கேமராவுல 12 மெகாபிக்ஸல், அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளி. அதை 64 புள்ளிக் கட்டங்களா வெட்டினா 1,87,500 கட்டம். என்கிட்ட இருக்கற இடம் 200 கேபி, அதாவது 2,04,800 பைட். அப்போ ஒரு கட்டத்துக்குச் சராசரியா ஒரு பைட்தான். 64 புள்ளியோட கதையை ஒரு பைட்ல எப்படிச் சொல்றது?

கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. ஒரே ஒரு அண்டா சாம்பார். அதை ரெண்டு லட்சம் இலைக்குப் பரிமாறச் சொன்னா ஆளுக்கு ஒரு சொட்டுதான் கிடைக்கும். இலையைக் குறைச்சா, அதே அண்டால எல்லாரும் வயிறாரச் சாப்பிடலாம்.

அதே பக்கத்தை 200 டிபிஐ அளவுக்குக் குறைச்சா, 1654 × 2339 புள்ளி, சுமார் 60,000 கட்டம். ஒரு கட்டத்துக்கு மூணு பைட்டுக்கு மேல கிடைக்கும். 150 டிபிஐன்னா ஆறு பைட். அதுலயும் வெறும் வெள்ளையா இருக்கற கட்டம் சாம்பாரே கேக்காது, அதோட பங்கும் எழுத்து இருக்கற கட்டத்துக்குப் போகும்.

அதனால, இந்த எபிசோட்ல ஒண்ணே ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க: முதல்ல புள்ளிகளைக் குறைங்க, குவாலிட்டியைக் கடைசியாத் தொடுங்க. நான் பயன்படுத்தின சைட் என் படத்துல புள்ளியைத் தொடவே இல்ல, குவாலிட்டியை மட்டும் பாதாளத்துக்கு இறக்கிடுச்சு.

எந்த வரிசைல பண்ணணும்?

முதல் கேள்வி, ஸ்கேன் பண்ண வேண்டிய அவசியமே இருக்கா? இ-சேவை வழியா வாங்கின சான்றிதழ் பிறக்கும்போதே டிஜிட்டல் ஃபைல்தான். நாமதான் அதைப் பிரிண்ட் எடுத்து, லேமினேட் பண்ணி, திரும்பப் படம் எடுக்கறோம். அப்படிப் பண்ணும்போது அதுல இருக்கற டிஜிட்டல் கையொப்பம் போயிடும். 2015ல வந்த டிஜிலாக்கர்லயும் அரசு நேரடியா வழங்கற ஆவணங்கள் கிடைக்கும். 2016ல வந்த விதிகள்படி அந்த ஆவணங்களுக்கு அசலுக்குச் சமமான மதிப்பு உண்டு. என் தங்கச்சியோட சான்றிதழும் இ-சேவைல வாங்கினதுதான். அந்த பிடிஎஃப்ல இருந்து நான் ஆரம்பிச்சிருக்கணும்.

அப்படி ஃபைல் இல்ல, காகிதம் மட்டும்தான் இருக்குன்னா, ரெண்டாவது வேலை நல்லா படம் எடுக்கறது. பகல் வெளிச்சம், ஜன்னல் பக்கம். ஃப்ளாஷ் வேண்டாம், லேமினேஷன் மேல கண்டிப்பா பளபளக்கும். போனைத் தாளுக்கு நேர் மேலே பிடிங்க. மங்கலா எடுத்த படத்தை எந்த ஆப்பாலயும் உண்மையாச் சரிபண்ண முடியாது.

மூணாவது, க்ராப். மேஜை, பெட்ஷீட், உங்க கட்டைவிரல் இதுக்கெல்லாம் எதுக்கு சாம்பார்? பூப்போட்ட பெட்ஷீட் மேல வெச்சு எடுத்தா, சான்றிதழை விட பெட்ஷீட்தான் அதிக இடத்தைத் தின்னும்.

நாலாவது, ரீசைஸ். ஏ4 தாளுக்கு 200 டிபிஐ, அதாவது அகலம் சுமார் 1650 பிக்ஸல். எழுத்து பெருசா இருந்தா 1240 போதும். ஆதார், பான், லைசென்ஸ் மாதிரி கார்டுக்கு 300 டிபிஐ வைங்க. கார்டு வெறும் 85.6 × 54 மில்லிமீட்டர்தான். 300 டிபிஐலயும் அது 1011 × 638 புள்ளிக்குள்ள அடங்கிடும். கார்டுல எழுத்து பொடிசு, ஆதார்ல இருக்கற க்யூஆர் கோடு அதை விடப் பொடிசு. அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

அஞ்சாவதுதான் குவாலிட்டி. 80ல ஆரம்பிச்சு, தேவைப்பட்டா 60 வரைக்கும் இறங்குங்க. அதுக்கும் கீழே போகணும்னா, திரும்ப நாலாவது படிக்குப் போய்ப் புள்ளியைக் கொஞ்சம் குறைங்க. ஒவ்வொரு தடவையும் முதல்ல எடுத்த படத்துல இருந்தே ஆரம்பிங்க. சுருக்கினதையே திரும்பச் சுருக்கினா அழுக்கு மேல அழுக்கு சேரும். 200 கேபி கேட்டா 180க்குக் குறி வைங்க. ஒரு கேபிக்கு 1000 பைட்டா 1024 பைட்டாங்கற குழப்பத்துல மாட்டாம இருக்கலாம்.

ரெண்டு சந்தேகம் அடிக்கடி வரும். கறுப்பு வெள்ளை ஆக்கினா குறையுமா? சாம்பல் நிறமாக்கினா கொஞ்சம் குறையும், ரொம்ப இல்ல, ஏன்னா ஜேபெக் நிறத்தை ஏற்கனவே நல்லாச் சுருக்கி வெச்சிருக்கும். நடுவுல சாம்பலே இல்லாத முழுக் கறுப்பு வெள்ளைன்னா ஃபைல் நல்லாவே குறையும், ஆனா போட்டோவும் மங்கின சீலும் காலி. பிடிஎஃப் ஆக்கினா குறையுமா? குறையாது. பிடிஎஃப் ஒரு கவர் மாதிரி. உள்ளே வெச்ச படம் எவ்ளோ கனமோ, கவரும் அவ்ளோ கனம்தான்.

போட்டோவும் கையெழுத்தும்

இங்கே கதை கொஞ்சம் தலைகீழ். வங்கித் தேர்வு நடத்தற ஐபிபிஎஸ் விண்ணப்பத்தை எடுத்துக்கோங்க. போட்டோ 200 × 230 பிக்ஸல், 20ல இருந்து 50 கேபி. கையெழுத்து 140 × 60 பிக்ஸல், 10ல இருந்து 20 கேபி. கணக்குப் போட்டா, அந்தக் கையெழுத்துப் படம் சுருக்காமலே 25 கேபிக்குள்ளதான் வரும். அதைப் போய் "கம்ப்ரெஸ்" பண்ணினா 10 கேபிக்குக் கீழே போய் "ஃபைல் ரொம்பச் சின்னது"ன்னு எரர் வரும். அங்கே குவாலிட்டியை 100ல விட்டுடுங்க. இந்தச் சின்னப் படங்களுக்குப் பிரச்சனை அளவு இல்ல, க்ராப்தான். வெள்ளைத் தாள்ல கறுப்பு மையில கையெழுத்துப் போட்டு, ஓரத்தை ஒட்டி வெட்டுங்க.

தெளிவா இருக்கறது வேற, சரியா இருக்கறது வேற

2013ல ஜெர்மனில ஒரு சம்பவம். டேவிட் கிரீசல்னு ஒரு கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர். ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தோட மிஷின்ல ஸ்கேன் பண்ணியிருக்காங்க. அசல்ல மூணு அறையோட பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேன்ல மூணுமே 14.13. கலங்கல் எதுவும் இல்ல, எண்கள் பளிச்சுனு இருக்கு, ஆனா தப்பு.

காரணம், ஃபைலைச் சின்னதாக்க அந்த மிஷின் பயன்படுத்தின ஜேபிக்2ங்கற முறை. பக்கத்துல ஒரே மாதிரி தெரியற துண்டுகளைக் கண்டுபிடிச்சு, ஒண்ணை மட்டும் சேமிச்சு, மத்த இடத்துலயும் அதையே ஒட்டும். "ஒரே மாதிரி"ங்கற முடிவுல சறுக்கினா 6 இருந்த இடத்துல 8 வந்து உக்காந்துடும். அப்புறம் அந்த நிறுவனம் சாஃப்ட்வேரைத் திருத்தி வெளியிட்டுச்சு. நாம எல்லா நகலையும் "ஜெராக்ஸ்"னு சொல்ற ஊரு. நகல்னா அச்சு அசல்னு நம்பி வளர்ந்தவங்க. அதனால இந்தக் கதையைக் கேட்டதுல இருந்து நான் ஒரு பழக்கம் வெச்சிருக்கேன்.

ஃபைல் தயாரானதும், அப்லோட் பண்றதுக்கு முன்னாடி அதை முழு அளவுல திறங்க. இன்னொருத்தர் கைல அசலைக் கொடுங்க. நீங்க ஸ்க்ரீனைப் பார்த்து ஒவ்வொரு எண்ணையும் சத்தமாப் படிங்க, அவங்க அசலோட சரிபார்க்கட்டும். பெயர், பிறந்த தேதி, சான்றிதழ் எண், வழங்கின தேதி. க்யூஆர் கோடு இருந்தா இன்னொரு போனில் ஸ்கேன் ஆகுதான்னு பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை.

யார் கைக்குப் போகுது?

கடைசியா ஒண்ணு. அந்த ராத்திரி நான் இன்னொரு தப்பும் பண்ணினேன். தங்கச்சியோட பெயர், அப்பா பெயர், விலாசம் எல்லாம் இருக்கற ஆவணத்தை, யார் நடத்தறாங்கன்னே தெரியாத ஒரு சைட்ல ஏத்தினேன். அந்தக் காப்பி இன்னும் எங்கேயாவது இருக்கா? எனக்குத் தெரிய வழியே இல்ல. ரீசைஸ் பண்ண இன்டர்நெட்டே தேவையில்ல. விண்டோஸ் பெயின்ட்லயே ரீசைஸ் இருக்கு. குவாலிட்டியைக் குறைக்க ஜிம்ப் மாதிரி இலவச சாஃப்ட்வேர் போதும்.

ப்ரௌசிங் சென்டர்ல பண்றீங்கன்னா, கிளம்பும்போது டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல இருந்து உங்க ஃபைலை அழிங்க, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணுங்க, மெயில்ல இருந்து லாக் அவுட் பண்ணுங்க. ஆதார் நகல் கேக்கற இடத்துல முழு எண் தேவையில்லைன்னா, முதல் எட்டு இலக்கம் மறைச்ச மாஸ்க்டு ஆதார் கொடுங்க. ஆதார் சைட்லயே டவுன்லோட் பண்ணலாம். வாட்ஸப்ல அனுப்பணும்னா போட்டோவா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்புங்க. போட்டோவா போனா வாட்ஸப்பும் தன் பங்குக்கு ஒரு தடவை சுருக்கிடும்.

அடுத்த வருஷம் தங்கச்சி அதே உதவித்தொகைக்குத் திரும்ப விண்ணப்பிச்சா. இந்தத் தடவை என்னைத் தொடவே விடல. கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னாடியே உக்காந்து எல்லாத்தையும் அவளே பண்ணினா. என் வேலை, பக்கத்துல சான்றிதழை வெச்சுக்கிட்டு "சரி... சரி..."ன்னு சொல்றது மட்டும்தான். கிடைச்சுடுச்சு. வளையலும் வீட்டுக்கு வந்துடுச்சு.

உங்க வீட்லயும் "நீதானே கம்ப்யூட்டர் படிச்சவன், இதைக் கொஞ்சம் அப்லோட் பண்ணிக் குடு"ன்னு ராத்திரி பத்தரைக்கு யாராவது வருவாங்க. அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடாதீங்க, அரை மணி நேரம் எடுத்துக்கோங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.