ஒயர் இல்லை, பேட்டரி இல்லை: கம்ப்யூட்டரில் ஒரு மின்சுற்று ஆய்வகம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் வீடுகளில் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம், 'பிள்ளைகள் படிப்புக்கு' என்பதுதான். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதில் கேம்ஸும் பாட்டும் வீடியோவும்தான் ஓடிக் கொண்டிருக்கும். படிப்புக்கு அதில் என்ன செய்வது என்று பலருக்கும் தெரிவதில்லை. இணையத்தில் இருந்து படங்களை இறக்கி, பிரிண்ட் எடுத்து, பிராஜெக்ட் நோட்டில் ஒட்டுவதால் மட்டும் அறிவியல் விளங்கிவிடாது. நான் மென்பொருள் பொறியாளர். அறிவியல் பாடத்தில் கம்ப்யூட்டர் உண்மையாகவே கைகொடுக்கும் ஒரு வழியை இங்கே பார்ப்போம்.

சிமுலேஷன் என்றால் என்ன?

வீடியோவில் ஆசிரியர் செய்த சோதனையை நாம் பார்க்கலாம். அதில் எதையும் மாற்ற முடியாது. சிமுலேஷன் அப்படியல்ல. அதன் புரோகிராமுக்குள் ஓம் விதி போன்ற இயற்பியல் விதிகள் சமன்பாடுகளாக எழுதப்பட்டிருக்கும். நீங்கள் மவுஸால் ஒரு பல்பைச் சேர்த்தால், அந்தச் சுற்று முழுவதையும் கம்ப்யூட்டர் மறுபடி கணக்கிட்டு விடையைத் திரையில் காட்டும். 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்?' என்று மாணவர் எத்தனை முறை கேட்டாலும் அது சலிக்காமல் பதில் சொல்லும்.

இத்தகைய சிமுலேஷன்களை இலவசமாகத் தரும் திட்டங்களில் முக்கியமானது 'ஃபெட்'. 2001-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான கார்ல் வீமன், 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இதைத் தொடங்கினார். இயற்பியலில் ஆரம்பித்து இப்போது வேதியியல், உயிரியல், கணிதம் என்று விரிந்துள்ளது.

எப்படித் திறப்பது?

தனியாக எந்த சாஃப்ட்வேரையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் ஆகிய பிரவுசர்களில் ஏதாவது ஒன்று போதும். தேடுதளத்தில் பி, எச், இ, டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தந்து, பக்கத்தில் சிமுலேஷன் என்று டைப் செய்தால் தளம் கிடைக்கும். அதில் இயற்பியல் பிரிவில் 'சர்க்யூட் கன்ஸ்ட்ரக்ஷன் கிட்: டிசி' என்பதைத் திறக்கவும்.

ஓர் எச்சரிக்கை. இத்தளத்தின் பழைய சிமுலேஷன்கள் பல ஃபிளாஷ், ஜாவா ஆகியவற்றில் எழுதப்பட்டவை. ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டது. ஆகவே எந்தத் தளமாவது 'ஃபிளாஷ் பிளேயரை இன்ஸ்டால் செய்யவும்' என்று கேட்டால் செய்யாதீர்கள். அது வைரஸாக இருக்கலாம். சர்க்யூட் கிட் எச்டிஎம்எல்5 முறையில் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

முதல் சோதனை

1. 'லேப்' என்ற திரையைத் தேர்ந்தெடுக்கவும். இடப்பக்கப் பெட்டியில் ஒயர், பேட்டரி, பல்பு, சுவிட்ச் முதலியவை இருக்கும். தேவையானதை மவுஸால் இழுத்து நடுவில் விடவும்.

2. பேட்டரி 9 வோல்ட், பல்பு 10 ஓம் என இருக்கட்டும். இரண்டையும் ஒயர்களால் வளையமாக இணைக்கவும். முனைகளை அருகில் கொண்டு சென்றால் தாமே ஒட்டிக்கொள்ளும்.

3. வளையம் மூடியதும் பல்பு எரியும். ஒயருக்குள் நீல நிறத்தில் எலக்ட்ரான்கள் நகர்வது தெரியும்.

4. வலப்பக்கத்தில் இருந்து அம்மீட்டரை எடுத்து ஒயரின் மேல் வைக்கவும். 0.9 ஆம்பியர் காட்டும். 9-ஐ 10-ஆல் வகுத்தால் 0.9. இதுதான் ஓம் விதி.

5. இணைப்பைப் பிரிக்க, முனையைக் கிளிக் செய்யவும். தோன்றும் கத்தரிக்கோல் படத்தைக் கிளிக் செய்தால் வெட்டிவிடும்.

வகுப்பறையில் கேட்க வேண்டிய கேள்வி

சூத்திரத்தை மனப்பாடம் செய்து கணக்கைச் சரியாகப் போடும் மாணவரிடமும் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கும். 'பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது. மிச்சம்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது' என்பதே அது. தேர்வில் மதிப்பெண் குறையாததால் இது யார் கண்ணிலும் படாமலே தங்கிவிடும். பிறகு மேல் வகுப்பில் மின்னணுவியல் படிக்கும்போது எதுவுமே புரியாது.

இதை வெளியே கொண்டுவர ஒரு கம்ப்யூட்டரும் ஒரு புரொஜெக்டரும் போதும். இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்த படத்தைத் திரையில் காட்டுங்கள். சுவிட்ச் திறந்தே இருக்கட்டும். 'முதல் பல்பு பிரகாசமாக எரியுமா, இரண்டாவதா, இரண்டும் சமமா?' என்று கேட்டுக் கை உயர்த்தச் சொல்லுங்கள். எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுங்கள். காரணத்தைப் பக்கத்து மாணவருடன் பேச இரண்டு நிமிடம் கொடுங்கள். அதற்குப் பிறகுதான் சுவிட்சை மூட வேண்டும். முன்கூட்டியே விடையைக் காட்டிவிட்டால் எல்லோரும் 'ஆமாம், தெரியும்' என்று தலையாட்டிவிடுவார்கள்.

இரண்டும் சமமாக எரியும். பல்புக்கு முன்னும் பின்னும் அம்மீட்டர் ஒரே அளவைத்தான் காட்டும்: 0.45 ஆம்பியர். மின்னோட்டம் எங்கும் தீரவில்லை. சைக்கிள் செயினை நினைத்துக்கொள்ளுங்கள். பெடலில் இருந்து போகும் கண்ணிகள் அத்தனையும் திரும்பி வருகின்றன. ஆனால் காலின் உழைப்பு பின்சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதுபோலப் பல்பு எடுத்துக்கொள்வது ஆற்றலை, எலக்ட்ரான்களை அல்ல.

மின்னோட்டம் பாதியானதால் ஒளியும் பாதியாகுமா? இல்லை. தனிப் பல்பில் திறன் 8.1 வாட், தொடரில் ஒவ்வொன்றிலும் சுமார் 2 வாட். கால் பங்குதான்!

அடுத்து அதே பல்புகளைப் பக்க இணைப்பில் மாற்றுங்கள். ஒவ்வொன்றிலும் 0.9, பேட்டரியில் 1.8 ஆம்பியர். ஒரு பல்பை எடுத்துவிட்டாலும் மற்றது எரியும். வீட்டில் சமையலறை விளக்கை அணைத்தால் கூடத்து விளக்கு ஏன் அணைவதில்லை என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

நிஜக் கருவிகள் வேண்டாமா?

கொலராடோ பல்கலைக்கழகத்தில் இந்த சிமுலேஷனை வைத்து நடந்த ஆய்வு 2005-ல் வெளியானது. கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் நிஜக் கருவிகளுடனும், மற்றொரு பிரிவினர் சிமுலேஷனுடனும் பயின்றனர். பின்னர் நிஜப் பல்பு, ஒயர் கொண்டு சுற்று அமைத்து விளக்கச் சொன்னபோது சிமுலேஷன் பிரிவினரே நன்றாகச் செய்தனர். கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரான் ஓட்டத்தைத் திரை காட்டுவதும், லூஸ் கனெக்‌ஷன் போன்ற இடைஞ்சல்கள் இல்லாததும் இதற்கு உதவுகின்றன.

இதை வைத்து ஆய்வகத்தைப் பூட்டிவிடலாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. நாம் பயன்படுத்திய சிமுலேஷன் பல்பின் மின்தடை சூட்டால் மாறாமல் 10 ஓமாகவே இருக்கும். நிஜப் பல்பின் இழை சூடாகச் சூடாக மின்தடை கூடும். நிஜ பேட்டரி நாளடைவில் வலுவிழக்கும். திரையில் பார்த்ததை 1.5 வோல்ட் டார்ச் செல், சிறு பல்பு கொண்டு கையாலும் செய்து, இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியில்தான் பாதி அறிவியல் இருக்கிறது.

பேட்டரியின் இரு முனைகளையும் ஒயரால் நேரடியாக இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். அதைத் திரையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். 230 வோல்ட் வரும் வீட்டுப் பிளக் பாயின்டில் எந்தச் சோதனையும் கூடாது.

இன்றே உங்கள் பிள்ளையை அருகில் அமர்த்தி, அந்த இரண்டு பல்பு கேள்வியைக் கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள்; மவுஸை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.