கொடைக்கு வரிச் சலுகை: பிரிட்டனில் கையாளப்படும் முறை

கோயிலுக்கோ, மருத்துவ நிலையத்துக்கோ, அநாதை விடுதிக்கோ ஒருவர் மனமுவந்து கொடுக்கும் பணம், அவர் உழைத்து ஈட்டிய வருமானத்தின் ஒரு பகுதியாகும். அவ்வருமானத்தின்மேல் அரசாங்கம் ஏற்கெனவே வரி வாங்கியிருக்குமாயின், அந்த வரி யாரிடம் இருத்தல் முறை? அரசாங்கமே வைத்துக்கொள்ளலாமா? கொடுத்தவருக்குத் திருப்பித் தரலாமா? அன்றி, கொடையைப் பெற்ற நிலையத்துக்கே சேர்ப்பிக்கலாமா? இக்கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக விடை கண்டிருக்கிறது. பிரிட்டன் கண்ட விடை, கணக்கும் ரசீதும் பேணும் கூட்டுறவு அங்கத்தினர்களாகிய நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. ஆகலின் அதனைச் சிறிது விரிவாக இங்கு விளக்க முற்படுகிறோம்.

தருமம் எனப்படுவது யாது?

பிரிட்டனில் வருமான வரி முதன்முதல் 1799-இல் விதிக்கப்பட்டபோதே தரும நிலையங்களின் வருமானத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இவ்விலக்கை எல்லோரும் ஒப்பினர் என்பதற்கில்லை. 1863-இல் நிதி மந்திரியாக இருந்த கிளாட்ஸ்டன், தரும நிலையங்களுக்கு அளிக்கும் விலக்கு ஏனைய வரி செலுத்துவோரின்மேல் ஏற்றப்படும் சுமையே என வாதித்து, அதனை நீக்க முயன்றார். எதிர்ப்பு வலுத்தமையால் அம்முயற்சியைக் கைவிட்டார்.

தருமம் என்னும் சொல்லுக்குச் சட்டப்படி பொருள் யாது என்பது 1891-இல் பிரபுக்கள் சபை தீர்த்த பெம்செல் வழக்கில் தெளிவுபெற்றது. மொரேவியத் திருச்சபையின் சமயப் பணிக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தின் வருவாய்க்கு வரி விலக்கு உண்டா என்பதே அவ்வழக்கு. வறுமை நீக்கம், கல்வி வளர்ச்சி, சமய வளர்ச்சி, பொதுமக்களுக்குப் பயன்படும் ஏனைய பணிகள் என மக்நாட்டன் பிரபு தருமத்தை நான்கு வகையாகப் பகுத்தார். தேவாலயமும் ஏழை விடுதியும் வரிச் சட்டத்தின்முன் ஒரே வரிசையில் நிற்பது இப்பகுப்பினாலேயே. இன்று அந்நாட்டிலுள்ள மசூதிகளும், இலங்கைத் தமிழரும் பிறரும் நடத்தும் இந்து ஆலயங்களும் தரும நிலையங்களாக ஏற்கப்பெற்றிருப்பின் அதே சலுகைக்கு உரியவையாகின்றன.

ஒப்பந்தத்திலிருந்து கொடை உதவி வரை

நிலையத்தின் வருமானத்துக்கு விலக்கு அளிப்பது ஒன்று. தனி மனிதர் கொடுக்கும் கொடையின்மேல் செலுத்திய வரியைத் திருப்புவது வேறொன்று. இரண்டாவது சலுகை 1922-க்குப் பின்னர் ஒப்பந்தப் பத்திரத்தின் வாயிலாகவே நெடுங்காலம் கிடைத்து வந்தது. ஏழாண்டுக் காலம் தவறாமல் கொடுப்பதாக ஒருவர் பத்திரம் எழுதித் தருதல் வேண்டும். 1980-இல் இக்காலம் நான்காண்டாகக் குறைக்கப்பட்டது. நிலையான வருவாயுள்ளோர்க்கே இது பொருந்தியது.

1990 அக்டோபரில் 'கிப்ட் எய்ட்' எனும் கொடை உதவித் திட்டம் வந்தது. ஒரே முறை கொடுக்கும் கொடைக்கும் இதன்படி சலுகை உண்டு. ஆயினும் அக்கொடை 600 பவுனுக்குக் குறையலாகாது என்றிருந்தது. இவ்வரம்பு 1992-இல் 400 பவுனாகவும், 1993-இல் 250 பவுனாகவும் குறைந்து, 2000 ஏப்ரலில் அறவே நீங்கியது. அன்று முதல் ஒரு பவுன் கொடுப்பவரும் சலுகைக்குள் வந்தார்.

கணக்கு எவ்வாறு?

அடிப்படை வருமான வரி நூற்றுக்கு 20 என்க. ஒருவர் 100 பவுன் கையில் பெற வேண்டுமாயின், வரிக்குமுன் 125 பவுன் சம்பாதித்திருத்தல் வேண்டும். 25 பவுன் வரியாகப் போயிருக்கும். அவர் அந்த 100 பவுனைத் தேவாலயத்துக்குக் கொடுத்தால், தேவாலயம் வரி இலாகாவுக்கு விண்ணப்பித்து அந்த 25 பவுனைப் பெறலாம். அதாவது, பவுன் ஒன்றுக்கு 25 பென்னி சேரும். கொடுத்தவருக்கு மேற்கொண்டு செலவில்லை.

நூற்றுக்கு 40 வரி செலுத்துபவராயின், 125 பவுனில் மிகுதியாகச் செலுத்திய நூற்றுக்கு 20-ஐ, அதாவது 25 பவுனை, தமக்கே திரும்பப் பெறலாம். தேவாலயத்துக்குச் சேர்வது 125 பவுன். அவர் கையினின்று போவது 75 பவுனே.

இதற்கு வேண்டுவது ஓர் உறுதிமொழி. கொடுப்பவரின் பெயர், வீட்டு முகவரி, நிலையத்தின் பெயர், தாம் வரி செலுத்துபவர் என்னும் கூற்று ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். ஒருமுறை எழுதித் தருவது வருங்காலக் கொடைகளுக்கும், கடந்த நான்காண்டுக் கொடைகளுக்கும் செல்லுமாறு அமைக்கலாம். கைத்தறித் துணிக்குத் தள்ளுபடி கொடுத்த சங்கம், அத்தொகையை அரசாங்கத்தினின்று பெறுவதற்குப் பில்களைக் காட்ட வேண்டியிருப்பதை நெசவாளர் அறிவர். பில் இல்லையேல் தள்ளுபடித் தொகை இல்லை. அங்கும் அவ்வாறே, உறுதிமொழி இல்லையேல் 25 பென்னி இல்லை.

கவனித்தற்குரிய பொறுப்பு

இங்கே ஒரு முக்கியமான பொறுப்பு உண்டு. நிலையம் திரும்பப் பெறும் தொகைக்கு ஈடான வரியை அவ்வாண்டில் கொடுப்பவர் உண்மையில் செலுத்தியிருத்தல் வேண்டும். செலுத்தாவிடில், குறையும் தொகையை அவரே கட்ட நேரும். வருமான வரியும் மூலதன லாப வரியும் கணக்கில் சேரும். கடையில் பொருள் வாங்கும்போது கொடுக்கும் வரியும், ஊர் மன்றத்துக்குச் செலுத்தும் வரியும் சேரா. 2021 ஏப்ரல் முதல் 12,570 பவுன் வரை வருமானத்துக்கு வரி விலக்கு இருத்தலால், சிறு ஓய்வூதியம் பெறும் முதியோர் பலர் வரியே செலுத்துவதில்லை. அத்தகையோரிடம் விளக்கம் கூறாமல் கையொப்பம் வாங்குவது, தருமத்தின் பெயரால் அவரைக் கடனாளியாக்குவதாகும். மேலும், பரிசுச் சீட்டு வாங்கியது போன்று, பணத்துக்குப் பதிலாக ஒன்றைப் பெறுவது கொடையாகாது.

தட்டில் விழும் நாணயம்

தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு வரிசையாக வரும்போது அதில் விழும் நாணயத்துக்குப் பெயரில்லை, முகவரியில்லை. ஆகவே நெடுநாள் அதற்குச் சலுகையும் இல்லை. இக்குறையை நீக்க 2013 ஏப்ரலில் சிறு கொடைத் திட்டம் ஏற்பட்டது. 2019 ஏப்ரல் முதல் 30 பவுனுக்கு மேற்படாத ரொக்கக் கொடைகளுக்கு உறுதிமொழியின்றியே பவுனுக்கு 25 பென்னி கிடைக்கும். அதற்கு முன்னர் இவ்வரம்பு 20 பவுனாக இருந்தது. ஆண்டுக்கு 5,000 பவுன் வரை என்றிருந்தது 2016-இல் 8,000 பவுனாக உயர்ந்தது. 8,000 பவுன் தட்டில் சேர்ந்த நிலையம் 2,000 பவுன் கூடுதலாகப் பெறலாம். ஆனால் பத்தில் ஒரு பங்கு, அதாவது 800 பவுன் அளவேனும், உறுதிமொழியுடன் கூடிய கொடைக்கு அவ்வாண்டில் அந்நிலையம் விண்ணப்பித்திருத்தல் வேண்டும். முழுவதும் பெயரற்ற பணத்தை நம்பியிருக்க இயலாது.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. செல்வர் 100 பவுன் கொடுக்கும்போது அரசாங்கம் விட்டுக்கொடுப்பது 50 பவுன். வரி செலுத்துமளவு வருமானமில்லாத ஏழை காசோலையாக 10 பவுன் அனுப்பினால் அரசாங்கம் சேர்ப்பது ஒன்றுமில்லை. அரசாங்கத்தின் பணம் எங்குச் செல்லவேண்டும் என்பதைப் பெருவருமானமுள்ளோரின் விருப்பம் மிகுதியாகத் தீர்மானிக்கிறது என்பதே கிளாட்ஸ்டன் காலந்தொட்டு எழும் கண்டனத்தின் சாரம். செலுத்தாத வரியைத் திருப்புதல் எவ்வாறு என்பது மறுதரப்பு. இரண்டிலும் நியாயம் உண்டு. சிறு கொடைத் திட்டம் இவ்விரண்டுக்கும் இடையே கண்ட ஒரு சமரசம் எனலாம்.

நமக்கு உரியது

நம் நாட்டில் சலுகை, பெரும்பாலும் கொடுப்பவரின் வரிக்குரிய வருமானத்தைக் குறைப்பதாக அமைந்துள்ளது. அதுவும் அவர் தேர்ந்த வரிமுறையைப் பொறுத்தது. 2017 முதல் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கக் கொடைக்கு அச்சலுகை இல்லை. முறை வேறாயினும் அடிப்படை ஒன்றே. கொடுத்தவர் யார், எப்போது கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்று எழுதி வைக்காத நிலையம், தனக்கோ தன்னை நம்பிக் கொடுத்தவருக்கோ உரியதை இழக்கிறது. நம் ஊர்க் கோயில் திருப்பணிக் குழுவிலும், பள்ளி நிதிக் குழுவிலும் சங்க அங்கத்தினர் பலர் பொறுப்பேற்றுள்ளனர். சங்கத்தில் பழகிய ரசீதுப் புத்தகமும் நாட்குறிப்பேடும் அங்கும் தவறாமல் இடம்பெறுமாக. அறம் செய்பவரின் நம்பிக்கைக்கு ஒழுங்கான கணக்கே காவல்.